குழாயைத் திறந்துவிட்டுப் பேசு

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பத்திரிகை கிடைக்காதவர்களுக்கும், கிடைத்தும் அதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தராதவர்களுக்கும்: மாடி வீட்டைச் சினிமாவுக்கு விட்டாயிற்று. விடலாம் என்று சொன்னவர் அப்பா. கூடவே கூடாது என்று சொன்னவள் அம்மா. ஆகவே நியாயப்படி இப்போது அப்பா வெறுத்துப்போய் மூலையில் உட்கார்ந்திருக்கிறார், அம்மா மேக்கப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

படம் மீசையின் காலத்தைப் பற்றியது. மீசை என்பது வீட்டுக்குள் சொன்ன பெயர். வெளியில் அவர் 'தேசத்தின் தூண்'. தூண் இருந்த இருபது வருஷமும் தேசம் நிமிர்ந்தே நின்றது. உட்காரச் சொல்லி உத்தரவு வரவில்லை. அவர் செத்துக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. பாடப் புத்தகத்தில் இப்போது அவருக்கு ஒன்றரைப் பக்கம். அதிலும் அரைப் பக்கம் அவர் கட்டிய பாலம்.

காலையில் ஆர்ட் டைரக்டரின் ஆட்கள் கூடத்துச் சுவரில் தூணின் படத்தை மாட்டினார்கள். முந்தாநாள் ஒட்டுப்பலகையில் வரைந்த படம், மீசையில் பெயின்ட் இன்னும் காயவில்லை. பனியனோடு கூடத்துக்கு வந்த அப்பா அதைப் பார்த்தார். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"பலகைதானேப்பா?" என்றாள் சின்னவள்.

"குளிருதும்மா" என்றார் அப்பா. நெற்றியில் வேர்த்திருந்தது.

அம்மாவும் மாறித்தான் போனாள். தினமும் அப்பாவைத் தெருமுனைவரை கேட்கும்படி திட்டுகிறவள், இன்று படத்துக்குக் கீழே நின்று, "காப்பி ஆறுதுங்க" என்று கோயிலில் பேசுவதுபோலச் சொன்னாள். அவளுக்கு இன்று ஒரே ஒரு சந்தோஷம். கம்பெனிக்காரர்கள் லாரி தண்ணீர் வரவழைத்து மொட்டைமாடித் தொட்டியை விளிம்புவரை நிரப்பியிருந்தார்கள்.

சின்னவளைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தின் ஒலிப்பதிவு அவள்தான். பிறந்து வளர்ந்த வீட்டில், தான் தூங்குகிற அறையில், கட்டில்மேல் மெஷினை வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருந்தாள். யூனிட்டில் அவளைச் சவுண்டு என்று கூப்பிடுவார்கள். லைட்டு என்று கூப்பிடப்படுகிறவன் கீழ்வீட்டு டெய்லர் மகன். சவுண்டும் லைட்டும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருந்த விஷயம் யூனிட் முழுக்கத் தெரியும். தெரியாதவர்கள் நாலு பேர்: அவளுடைய அப்பா அம்மா, அவனுடைய அப்பா அம்மா. அந்த நாலு பேருக்கும் இன்று மதியம் சொல்லிவிடுவது என்று ஏற்பாடு.

"நீ மொதல்ல சொல்லு" என்றான் லைட்டு, அவள் ஜன்னலுக்கு வெளியே ஏணியில் நின்று திரை கட்டிக்கொண்டே.

"ஏன், நான் என்ன எலியா? என்கிட்ட மருந்தை வெச்சுப் பாத்துட்டு அப்புறம் நீ சாப்பிடுவியா?"

"சரி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல. சாப்பாட்டு பிரேக்ல. நீ மேல, நான் கீழ."

"கால்சட்டையைப் பத்தி யார் பேச்செடுத்தாலும் எந்திரிச்சு வந்துடு. தர்க்கம் பண்ணாத."

கால்சட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன்னால் கீழ்வீட்டு டெய்லர் மாடி வீட்டு அப்பாவுக்கு ஒரு கால்சட்டை தைத்தார். அது இரண்டு அங்குலம் கட்டையாக இருந்தது. மாடிப்படியில் சண்டை நடந்தது. அப்பா டெய்லரின் சட்டையைப் பிடித்தார், டெய்லர் அப்பாவின் பரம்பரையைப் பிடித்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒருவர் ஏறும்போது மற்றவர் இறங்கினால், இரண்டு பேருமே சுவரில் ஏதோ முக்கியமான அறிவிப்பு ஒட்டியிருப்பதுபோல அதைப் படித்துக்கொண்டே கடப்பார்கள். அந்தக் கால்சட்டை இன்னமும் அப்பாவின் அலமாரியில், சாட்சிக்காக, மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நாட்டில் அரசாங்கம் மாறியது, சட்டம் மாறியது, நாணயத்தில் தலை மாறியது. கால்சட்டை மட்டும் நீளவில்லை.

நடுவில் டெய்லர் நாலு வருஷம் ஜெயிலுக்கும் போய்வந்தார். அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அந்தக் காலத்தில் அதுவும் ஒரு வெளியூர்ப் பயணம் மாதிரிதான். மகன் தவழ்ந்தபோது போனவர், அவன் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது வந்தார்.

*

"சவுண்ட் ரெடியா?" என்றார் டைரக்டர்.

"ரெடி சார்" என்றாள் சின்னவள்.

காட்சி சின்னது. ஓடிப்போன ஒருவனைத் தேடி அதிகாரி வருகிறார், ஒரு கதவைத் தட்டுகிறார். பக்கத்து வீட்டுப் பெண் திறக்கிறாள். அந்தப் பெண்ணாக நடிக்க வேண்டியவளுக்குக் காய்ச்சல். டைரக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். கூடாது கூடாது என்று பத்து அத்தியாயம் சொன்ன அம்மா, "நான் வேணா நிக்கட்டுமா?" என்றாள். கழுத்துவரை பட்டன் போட்ட சாம்பல் நிற உடுப்பை மாட்டினார்கள். காலருக்கு உள்பக்கம் சின்னவளே தன் கையால் குட்டி மைக்கைக் குத்திவிட்டாள். குன்றிமணி அளவுதான் இருக்கும்.

அதிகாரி தட்டினார். அம்மா திறந்தாள்.

"இங்க வேற யாராவது வந்தாங்களா?"

"எனக்கு எதுவும் தெரியாதுங்க."

அவ்வளவுதான். ஆனால் கட் சொல்ல டைரக்டருக்கு மறந்துவிட்டது. அம்மா அந்த வரியை, பால் வந்துவிட்டதா என்று கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படிச் சொல்லியிருந்தாள்.

டைரக்டர் மீசை செத்த வருஷம் பிறந்தவர். மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "அம்மா, பிரமாதம். ஆனா இன்னும் கொஞ்சம் பயம் வேணும். கை நடுங்கலாம், கண்ணுல லேசாத் தண்ணி…"

"அப்படி நடுங்கினா உள்ள வந்து தேடுவாங்களேப்பா."

"இல்லம்மா, பாக்கறவங்களுக்கு நீங்க பயப்படறது புரியணும்ல?"

"அவங்களுக்குப் புரியற மாதிரி பயந்தா இவருக்கும் புரிஞ்சுடுமே" என்று அம்மா அதிகாரியைக் காட்டினாள்.

"சாரிம்மா" என்றார் அதிகாரி, எதற்கென்று தெரியாமல். இடுப்பில் துப்பாக்கியோடு.

இரண்டாவது முறை எடுத்தார்கள். தன்மேல் பயமே வரவில்லையே என்று அதிகாரிக்கு ரோஷம் வந்திருக்க வேண்டும். கையை ஓங்கிக் கதவை அறைந்தார். 'டர்' என்று ஒரு சத்தம். சின்னவளுக்கு ஹெட்போனில் அது துல்லியமாகக் கேட்டது. யூனிஃபார்ம் தோள்பட்டையிலிருந்து முதுகு நடுவரை பிரிந்துவிட்டது.

"சாப்பாட்டு பிரேக்!" என்றார் டைரக்டர். "யாராவது ஒரு டெய்லரைப் பிடிங்கப்பா. பக்கத்துல யார் இருக்கா?"

யூனிட் மொத்தமும் லைட்டைப் பார்த்தது. லைட்டு சின்னவளைப் பார்த்தான்.

"நல்லதாப் போச்சு" என்று அவள் அறைக்குள் வந்து கிசுகிசுத்தான். "ரெண்டு பேரையும் ஒரே இடத்துல வெச்சுச் சொல்லிடலாம்."

"ரெண்டு பேரையும் ஒரே இடத்துல வெச்சா, பிடிச்சுக்க நாலு ஆள் வேணும்டா."

"எங்கப்பா வேலைன்னா வருவார். வந்தா நல்ல மூட்ல வெச்சுக்கறேன். நீ பாரு."

*

டெய்லர் வந்தார். ஊசி நூல் டப்பா ஒரு கையில், கழுத்தில் அளவு டேப். முப்பது வருஷமாக மிதிக்காத வாசல். ஒரு நிமிஷம் நின்றார். கூடத்துச் சுவரில் தூணைப் பார்த்தார். அவருடைய கை தானாக மேலே போய்க் கழுத்துப் பட்டனைப் போட்டது.

அப்பா கூடத்தின் அந்தப் பக்கம், சட்டையோடு, தட்டில் சாப்பாட்டோடு உட்கார்ந்திருந்தார். டெய்லரைப் பார்த்தார். தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து சமையலறைக்குள் போனார். மேக்கப்போடு அம்மா பின்னால் போனாள்.

டைரக்டரும் மற்றவர்களும் சாப்பிடக் கீழே இறங்கினார்கள். கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு அதிகாரி, அவர் முதுகில் டெய்லர், பக்கத்தில் தன் அப்பாவை நல்ல மூடில் வைத்துக்கொள்ள முயன்றபடி லைட்டு.

சின்னவள் ஹெட்போனைக் கழற்றப் போனாள். சமையலறைக்குப் போய், 'அப்பா, ஒரு விஷயம்' என்று ஆரம்பிக்க வேண்டியதுதான். அப்போது காதில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவள் அவள். இந்த வீட்டில் பாத்திரம் இல்லாமலும் குழாய் ஓடும். படிக்கிற காலத்தில் ஒருமுறை, ஓடும் நீரின் ஒலியைப் போட்டு இது என்ன சத்தம் என்று வாத்தியார் கேட்டபோது, "அப்பாவும் அம்மாவும் பேசிக்கறாங்க" என்று யோசிக்காமல் சொல்லி வகுப்பு முழுக்கச் சிரிப்பை வாங்கினாள். மீசையின் காலத்தில் எல்லாச் சுவருக்குள்ளும் ஒட்டுக்கேட்கும் கருவி இருப்பதாக எல்லாரும் நம்பினார்கள். தண்ணீர் சத்தத்தில் அதற்குக் காது மந்தமாகிவிடும் என்றும் நம்பினார்கள். மீசை போனார். குழாய்ப் பழக்கம் போகவில்லை.

இன்று கருவி சுவரில் இல்லை. அம்மாவின் தாடைக்கு நாலு விரல் கீழே இருந்தது. அதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

"வந்துட்டான்" என்றது அப்பாவின் குரல், காதோடு காதாக.

"பாத்தேன்."

"எதுக்கு வந்தான்?"

"தைக்க வந்திருக்காருங்க. டெய்லர் வேற எதுக்கு வருவாரு?"

"முப்பது வருஷமா வராதவன்."

"முப்பது வருஷமா நம்ம வீட்ல யூனிஃபார்ம் கிழியலையே."

சின்னவள் சிரித்துக்கொண்டே ஹெட்போனில் கைவைத்தாள். அடுத்தது காதில் விழுந்ததும் கை அங்கேயே நின்றது.

"இன்னிக்காவது சொல்லிடுங்க" என்றாள் அம்மா.

"என்னத்தச் சொல்ல? கால்சட்டை சரியாத்தான் இருந்துச்சு, என் பொண்டாட்டிதான் ரெண்டு அங்குலம் வெட்டினான்னா?"

"அது அவருக்கே தெரியுமே. அவர் கத்திரியிலதானே வெட்டினேன். 'நல்லாத் தெரியற மாதிரி வெட்டுங்கம்மா, சண்டைன்னா ஒரு காரணம் வேணும்'னு அவர்தானே சொன்னார்."

அப்பா சிரித்த மாதிரி ஒரு மூச்சு. "படியில நான் அவன் சட்டையைப் பிடிச்சு உலுக்கறேன். காதுல மெதுவாச் சொல்றான்: 'இன்னும் சத்தமாடா, எதிர்வீட்டுக்காரன் இன்னும் கதவைத் திறக்கல'ன்னு."

"மீசையோட ஆளுங்க உங்க தம்பியை எங்கெங்கயோ தேடினாங்க. சண்டைக்காரன் வீட்ல இருப்பாருன்னு ஒருத்தனுக்கும் தோணலையே."

தம்பி என்றால் சித்தப்பா. வேலை கிடைத்து அடுத்த நாட்டுக்குப் போனதாகச் சின்னவளுக்குச் சொல்லப்பட்ட சித்தப்பா.

"துணி மூட்டைக்குப் பின்னால வெச்சுச் சோறு போட்டான்" என்றார் அப்பா. "அப்படிப்பட்டவனைப் போய்…"

கூடத்தில் யாரோ எதையோ கீழே வைக்கும் சத்தம்.

"விசாரணையில கேட்டாங்க, கீழ்வீட்டுக்காரன்கிட்ட ஏன் பேசறதில்லைன்னு. கால்சட்டைக் கதையைச் சொன்னேன். அந்த ஆபீசர் சிரிச்சான். அதோட வாயை மூடியிருக்கலாம். நம்பினானோ இல்லையோன்னு பயம். அப்ப அவங்க யூனிஃபார்மெல்லாம் இவன்தானே தைப்பான், அதை வெச்சுக் கூட ஒரு வரி சேத்துட்டேன். 'உங்க யூனிஃபார்ம் துணியிலயே மிச்சம் பிடிக்கிறவன் சார் அவன்'னு. சும்மா. சண்டை நிஜம் மாதிரி இருக்கட்டுமேன்னு."

"வேணும்னேவா சொன்னீங்க?"

"அரசாங்கத் துணி திருடினான்னு நாலு வருஷம் போட்டான். உள்ள வெச்சு அடிச்சப்பகூட அவன் வாயிலேர்ந்து தம்பி பேர் வரலை. என் வாயிலேர்ந்து அவன் பேர் சிரிச்சுட்டே வந்துச்சு."

மைக்கில் அம்மாவின் இதயம் கேட்டது.

"மீசை செத்த அன்னிக்கு ஊரே தெருவுல கட்டிப் பிடிச்சுட்டு நிக்குது" என்றார் அப்பா. "நான் படியில நிக்கறேன். அவன் கதவு திறக்கல. அன்னிலேர்ந்து இதான் எனக்குப் புரியல. இவன் இன்னும் நடிக்கிறானா? இல்ல, நான் சொன்னது தெரிஞ்சு நிஜமாவே வெறுத்துட்டானா? ரெண்டுக்கும் மூஞ்சி ஒரே மாதிரிதானே இருக்கு!"

"நீங்க போய்க் கதவைத் தட்டியிருக்கலாம்."

"தட்டினா என்னன்னு கேப்பான். கேட்டாச் சொல்லணும்." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப அவன் பையன் வேற நம்ம பொண்ணைப் பாத்துட்டிருக்கான்" என்றார்.

"தெரியும்" என்றாள் அம்மா. "ஏணியை எப்பப் பாரு அவ ஜன்னல்லயே போடறான்."

சின்னவளுக்கு முகம் சூடாகிவிட்டது.

"வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?" என்றார் அப்பா. "சரின்னு எப்படிச் சொல்றது? இதைச் சொல்லாம சம்பந்தம் பேசினா நான் மனுஷனா? சொன்னா, அவன் என் பொண்ணைக் கட்டிக்க விடுவானா?"

இத்தனை நாள் கல்யாணத்துக்கு நடுவில் நின்றது இரண்டு அங்குலம் என்று சின்னவள் நினைத்திருந்தாள். அளந்து பார்த்தால் நாலு வருஷம்.

அவள் நிமிர்ந்தாள். கதவு வழியாகக் கூடம் தெரிந்தது.

அதிகாரி முதுகைக் காட்டி நின்றார். பின்னால் டெய்லர். வாயில் வரிசையாக ஊசிகள். தைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றிருந்தது. அவர் காதில் டைரக்டரின் ஹெட்போன்.

சின்னவள் காதில் எது கேட்கிறதோ அதுதான் டைரக்டரின் காதிலும் கேட்கும். அது லைட்டுக்கும் தெரியும். அதனால்தான், தன் அப்பாவை நல்ல மூடில் வைத்துக்கொள்வதற்காக, "இதுல கேட்டுப் பாருங்கப்பா, எறும்பு நடந்தாலும் கேக்கும்" என்று மாட்டிவிட்டிருக்கிறான். இப்போது பெருமையாக வேறு சிரித்துக்கொண்டு நின்றான்.

எவ்வளவு நேரமாக மாட்டியிருக்கிறார்? ஊசியிலிருந்து தொங்கிய நூலின் நீளம் குறையாததைப் பார்த்தால், முதலிலிருந்தே.

டெய்லர் ஹெட்போனைக் கழற்றினார். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேறு இடம் இல்லாததால், அதிகாரியின் தோளில் குத்தினார்.

"மாஸ்டர், உள்ள நான் இருக்கேன்" என்றார் அதிகாரி.

டெய்லர் அதைக் கேட்கவில்லை. தூணின் படத்துக்கு அடியில் நடந்து, சமையலறைப் பக்கம் திரும்பினார்.

எழுந்து ஓட வேண்டும் என்று சின்னவளுக்குத் தோன்றியது. எழுந்தால் ஹெட்போன் கழன்றுவிடும். உட்கார்ந்தே இருந்தாள்.

காதில் செருப்பில்லாத காலடி. பாத்திரம் ஒன்று மோதியது. அப்பாவின் மூச்சு, அம்மாவின் மூச்சு, மூன்றாவதாக ஒரு மூச்சு. நடுவில் தண்ணீர். முப்பது வருஷம் பேசாத இரண்டு பேர் பேசாமலேயே நின்றார்கள். அதில் இரண்டு பேருக்குமே நல்ல பழக்கம் இருந்தது.

பிறகு குழாயின் திருகு முனகியது. மூடப் போகிறார் என்று நினைத்தாள். மூடிவிட்டுக் கத்தப் போகிறார். இந்த முறை எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

தண்ணீர் சத்தம் இரட்டிப்பானது.

டெய்லர் குழாயை முழுசாகத் திறந்திருந்தார். அதே குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதைத் தாண்டி ஓர் எழுத்து விடாமல் இப்போதுதான் கேட்டுவிட்டு வந்த மனிதர். புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. போதவில்லை, இன்னும் கொஞ்சம் திறந்தால் சரியாகிவிடும் என்று கை நினைத்திருக்க வேண்டும்.

சண்டை போடுகிறவன் குழாயைத் திறக்கமாட்டான். வெளியே போகக் கூடாததைப் பேச வருகிறவன்தான் திறப்பான்.

"டேய் அச்சு" என்றது ஒரு குரல்.

அப்பா பத்திரிகை அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். அவரை அப்படிக் கூப்பிடுகிற ஓர் ஆள் உலகத்தில் இருப்பது அவர் பெண்ணுக்கே இன்றுதான் தெரிந்தது.

"நீ அந்த வரியைச் சொன்னப்ப…" என்று குரல் தொடர்ந்தது.

மெஷினில் அம்மாவின் மைக்குக்கு உரிய குமிழ் சின்னவளின் விரலுக்கு அடியில் இருந்தது. அந்த வாக்கியத்தின் மிச்சத்தில்தான் அவளுடைய கல்யாணம் இருந்தது. காதைக் கொடுத்தால் போதும், தெரிந்துவிடும். இதே சமையலறையை யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பயந்தே இவர்கள் பாதி வாழ்க்கையைத் தண்ணீருக்கு அடியில் பேசிக் கழித்திருக்கிறார்கள். அந்த யாரோ கடைசியில் அவர்கள் பெண்ணாகவா இருக்க வேண்டும்?

குமிழைக் கீழே இறக்கினாள். ஹெட்போனைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தாள்.

லைட்டு ஓடிவந்தான். இப்போது சிரிப்பு இல்லை. "எங்கப்பா உள்ள போயிருக்கார்! நான் ஒண்ணுமே சொல்லலை, அவரா போறார். என்ன பேசிக்கறாங்க? உனக்குக் கேக்குமே, கேளு!"

"தண்ணி சத்தம்தான் கேக்குது" என்றாள் சின்னவள்.

அது பொய்யில்லை. சுவரைத் தாண்டி, வெறும் காதுக்கு, அது மட்டும்தான் கேட்டது. இரண்டு பேரும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்கள். கூடத்தில் அதிகாரி தோளில் ஊசிகளோடு, யாராவது வந்து எடுத்துவிடுவார்களா என்று பார்த்தபடி, அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. லைட்டு பொறுமை இழந்து, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்றான்.

தொட்டி காலையில்தான் நிரம்பியது.